ஈர்ப்பு வில்லை நிரல்கள்: விடை மாறும்போது எங்கே தேடுவது?

ஜப்பானில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய ஆலன் லெஃபோர், தொஹோக்கு பல்கலைக்கழக வானியலர் தொஷிஃபுமி ஃபுத்தாமாசே முதலியோருடன் சேர்ந்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஈர்ப்பு வில்லைகளை ஆராய என்னென்ன மென்பொருள்கள் புழக்கத்தில் உள்ளன என்று அதுவரை வந்த ஆய்வுகளை அலசிய கட்டுரை அது. ஒரு நோய்க்கு எந்தச் சிகிச்சை பலிக்கிறது என்று அறிய, வெளிவந்த ஆய்வுகளை எல்லாம் ஒரே ஒழுங்கில் திரட்டிப் பார்ப்பது மருத்துவத்தில் பழகிப்போன முறை. அந்த முறைதான் இங்கே வானியல் நிரல்களின் பக்கம் திரும்பியது. அடுத்தடுத்த கட்டுரைகளில், ஒரே வில்லையை வெவ்வேறு நிரல்களில் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். வில்லையின் நிறையும், வெவ்வேறு வழிகளில் ஒளி வந்து சேரும் காலத் தாமதமும் நிரலுக்கு நிரல் ஒன்றுபோல் வரவில்லை.

இதைக் கேட்டதும் "அப்படியானால் எந்த நிரல் சரி?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதுவரை நடந்த ஒப்பீடுகளை வரிசையாக வைத்துப் படித்தால், அந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வேண்டியிருப்பது தெரியும். வேறுபாட்டின் வேர் பெரும்பாலும் மூன்று இடங்களில் கிடக்கிறது: ஒரே பெயருக்கு நிரல்கள் கொடுக்கும் வெவ்வேறு வரையறை, படத்தோடு சேர்த்துக் கொடுக்கும் துணைத் தரவு, ஆய்வாளர் வில்லையைப் பற்றி முன்கூட்டியே செய்துகொள்ளும் ஊகம். நிரலின் கணக்கே தவறிய சந்தர்ப்பங்கள் குறைவு. இதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு பெருநிறையின் அருகே வரும் ஒளி வளையும். சூரியனின் விளிம்பை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளைய வேண்டும் என்றார் ஐன்ஸ்டீன். விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு. 1919 கிரகணத்தில் எடுத்த அளவீடுகள் அதை ஆதரித்தன. ஒரு விண்மீன் திரளுக்கு நேர் பின்னால், வெகு தொலைவில் குவாசரோ வேறொரு திரளோ இருந்தால், நமக்கு அதன் பிம்பம் இரண்டாக, நான்காக, சில வேளை முழு வளையமாகத் தெரியும். இப்படி முதலில் அகப்பட்டது 1979இல் வால்ஷ், கார்ஸ்வெல், வைமன் மூவரும் கண்ட இரட்டைக் குவாசர். பிம்பங்களின் இடத்தையும் வடிவையும் வைத்து, முன்னால் நிற்கும் திரளில் கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உட்பட எவ்வளவு நிறை எப்படிப் பரவியிருக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடுவதே வில்லை நிரல்களின் வேலை. முன்னோக்கிய கணக்கு எளிது. நிறையையும், பின்னால் உள்ள ஒளி மூலத்தையும் கொடுத்தால் பிம்ப அமைப்பு ஒன்றுதான். பின்னோக்கிப் போகும்போது ஒரே பிம்பத்துக்குப் பல நிறைப் பரவல்கள் பொருந்தும். சிக்கல் இங்கிருந்து தொடங்குகிறது.

நிரல்களில் மூத்தது, 1990களில் பிரான்ஸில் ழான்-பால் நீப் உருவாக்கத் தொடங்கிய லென்ஸ்டூல். திரள்கள் நூற்றுக்கணக்கில் கூடிய கொத்துகளை ஆராய்வோர் இன்றும் நாடுவது இது. 2007இல் எரிக் ஜூல்லோ குழுவினர் இதில் நிகழ்தகவு அடிப்படையிலான தேடலைச் சேர்த்தபின் இதன் வாழ்வு நீண்டது. 2001இல் சார்லஸ் கீட்டனின் கிராவ்லென்ஸ் வந்தது. ஒற்றைத் திரள் வில்லைகளுக்கு அது பல ஆண்டுகள் பாடநூல்போல் இருந்தது. பிரசேன்ஜித் சாஹா, லிலியா வில்லியம்ஸ் இருவரின் பிக்ஸெலென்ஸ் 2004இல் வந்தது. முன்முடிவான வடிவம் எதையும் திணிக்காமல், நிறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, பொருந்தும் தீர்வுகளைக் கூட்டமாகவே தருவது அது. 2010இல் மசாமுனே ஒகுரியின் கிளாஃபிக். 2018இல் சைமன் பிர்ரர், ஆடம் அமாரா இருவரின் லென்ஸ்ட்ரானமி. ஏறத்தாழ அதே காலத்தில் டர்ஹமில் ஜேம்ஸ் நைட்டிங்கேல் குழுவின் பைஆட்டோலென்ஸ். கடைசி இரண்டும் பைதானில் எழுதப்பட்டவை. புதிதாக வரும் மாணவர் இன்று பெரும்பாலும் இவற்றில்தான் கை வைக்கிறார். ஷெர்ரி சுயுவின் க்ளீ மிக வலுவான நிரல். ஆனால் அது குழுவுக்குள்ளேயே புழங்குவது, பொதுவில் கிடைக்காது.

"திறமூலம்" என்ற சொல்லை இந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் ஒரே பொருளில் ஒட்டிவிட முடியாது. கிராவ்லென்ஸ் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் ஓடும் கோப்பாகத்தான் கிடைத்தது. உள்ளே என்ன கணக்கு நடக்கிறது என்று அறிய, அதன் ஆசிரியர் எழுதிய கட்டுரையை நம்ப வேண்டும். லென்ஸ்ட்ரானமியிலோ பைஆட்டோலென்ஸிலோ சந்தேகம் வந்தால் அந்த வரியையே திறந்து படிக்கலாம். இலவசம் என்பதைவிட இந்தத் திறப்பே எனக்குப் பெரிதாகப் படுகிறது. விடை மாறியதற்குக் காரணம் தேடுகிறவனுக்கு வேறு வழி இல்லை.

நிறுவும் கட்டத்துத் தொல்லைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் அவை எரிச்சலூட்டுமே தவிர ஏமாற்றுவதில்லை. பிழை இருந்தால் நிரல் ஓடாது. லென்ஸ்டூலும் கிளாஃபிக்கும் சி மொழியில் எழுதியவை. வானியல் படக் கோப்புகளைப் படிக்கும் சிஃபிட்ஸியோ, எண்கணித நூலகமான ஜிஎஸ்எல் ஆகியவை முதலில் கணினியில் இருக்க வேண்டும். புதிய ஆப்பிள் செயலிகளில் இந்த நூலகங்களின் இடம் மாறியிருப்பதால் தொகுப்பு பாதியில் நிற்கும். பைதான் நிரல்களுக்கு வேறு தலைவலி. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தபோது அதைச் சார்ந்த அறிவியல் தொகுப்புகள் பல தடுமாறின. ஒவ்வொரு ஆய்வுக்கும் தனிச் சூழல் அமைத்து, அதில் நிறுவிய ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணையும் ஒரு கோப்பில் எழுதிவைப்பதுதான் மருந்து. பிக்ஸெலென்ஸின் கதை கொஞ்சம் பரிதாபம். ஜாவாவில் எழுதிய அதை உலாவியிலேயே திறந்து இயக்க முடியும் என்பது ஒரு காலத்தில் அதன் பெருமை. உலாவிகள் ஜாவாக் குறுநிரல்களைக் கைவிட்டபின் அந்த வாசல் அடைபட்டது. நிரலில் ஒரு குற்றமும் இல்லாமலே நிரல் முதுமை அடைந்துவிடுகிறது.

ஏமாற்றும் பிழைகள், நிரல் சமர்த்தாக ஓடி முடித்து, நம்பும்படியான விடையும் தந்த பிறகு தெரிபவை. அவற்றில் முதலிடம் வரையறைகளுக்கு. ஒரு நீள்வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குற்றச்சு நெட்டச்சில் 0.7 பங்கு. இதன் நீள்வட்டத்தன்மை எவ்வளவு? கிராவ்லென்ஸையும் கிளாஃபிக்கையும் கேட்டால், ஒன்றிலிருந்து விகிதத்தைக் கழித்து 0.3 என்னும். லென்ஸ்டூல் அச்சுகளின் வர்க்கங்களை எடுத்து, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கும், விடை 0.342. லென்ஸ்ட்ரானமியும் பைஆட்டோலென்ஸும் வர்க்கம் எடுக்காமல் அதே வகுத்தலைச் செய்யும்; விடை 0.176. மூன்றும் சரி. ஊருக்கு ஊர் மரக்கால் அளவு வேறாக இருந்த காலத்தில் நெல் வாங்கியவருக்கு இது புதிதாக இருக்காது. லென்ஸ்டூல் கட்டுரையில் அச்சான 0.342ஐ அப்படியே எடுத்துக் கிளாஃபிக்கில் போட்டால் வில்லை இன்னும் தட்டையாகும். லென்ஸ்ட்ரானமியில் போட்டால் விகிதம் 0.49க்கு இறங்கி, வில்லை பாதி நசுங்கிப்போகும்.

திசையும் அப்படியே. கிளாஃபிக், வானியல் வழக்கப்படி, வடக்கிலிருந்து கிழக்கு நோக்கிக் கோணத்தை அளக்கும். லென்ஸ்ட்ரானமி, கணித வகுப்பின் வழக்கப்படி, கிடையச்சிலிருந்து அளக்கும். இடையே 90 பாகை. இதையாவது பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். பைதான் நிரல்கள் இரண்டும் கோணத்தை நேரே கேட்காமல், நீள்வட்டத்தை இரண்டு கூறுகளாகப் பிரித்துக் கேட்கின்றன: ஒன்று இரட்டைக் கோணத்தின் கொசைன், மற்றது சைன். லென்ஸ்ட்ரானமி கொசைனை முதலில் வைக்கிறது. பைஆட்டோலென்ஸ் ஆயங்களையே செங்குத்து முதலில், கிடை பிறகு என்ற வரிசையில் எழுதுவது. ஆகவே சைனை முதலில் வைக்கிறது. ஒன்றின் விடையை வரிசை மாற்றாமல் மற்றதில் ஒட்டினால், கிடையாகக் கிடந்த நீள்வட்டம் 45 பாகை சாய்ந்து நிற்கும். அந்தத் தவறான மதிப்பைத் தொடக்கமாக வைத்துத் தேடலை ஓட்டினால் இன்னொரு கேடு உண்டு. சுற்றுப்புறத் திரள்களின் இழுப்பைக் குறிக்க நிரல்களில் புறச் சறுக்கம் என்றொரு அளவுரு இருக்கிறது. சாய்ந்த நீள்வட்டத்தின் தவறை அந்தச் சறுக்கம் ஓரளவு ஈடுகட்டிவிடும். நான்கு பிம்பப் புள்ளிகளை மட்டுமே வைத்துப் பொருத்துகிறவருக்கு விடை கௌரவமாகவே தெரியும்.

வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம் என்பதை மறப்பது இதன் சகோதரத் தவறு. எல்லா ஆயங்களும் கண்ணாடிப் பிம்பம்போலத் திரும்பிவிடும். பொருத்தம் கொஞ்சமும் கெடாது. முழுப் படமும் சேர்ந்தே திரும்பியிருக்கிறது அல்லவா! நிறையின் சாய்வைத் திரளின் ஒளிச் சாய்வோடு ஒப்பிடும்போதுதான் குட்டு வெளிப்படும். அதற்குள் சிலர் "கரும்பொருள் ஒளியோடு ஒத்துப்போகவில்லை" என்று கட்டுரையின் முதல் பத்தியை எழுதத் தொடங்கியிருப்பார்கள்.

லென்ஸ்டூலில் எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு, அதன் உள்ளீட்டுக் கோப்புக்காக. கட்டளைச் சொற்களில் பல பிரெஞ்சு: நிறைக்கூறு ஒவ்வொன்றும் "பொதான்சியேல்", கட்டம் "கிரில்", புலம் "ஷான்", கோப்பின் முடிவில் "ஃபினி". முப்பது ஆண்டுக்கு முந்திய மாணவர் ஒருவரின் மேசை அப்படியே அதில் இருக்கிறது. ஆனால் அதில் பலரையும் கவிழ்த்த ஒரு குழியும் உண்டு. திரளுக்குள் விண்மீன்கள் அலையும் வேகச் சிதறலை அது கேட்கும். நிறமாலையில் அளந்த மதிப்பை அங்கே நேராகப் போடக் கூடாது. லென்ஸ்டூலின் வேகம், உண்மை மைய வேகத்தை மூன்றில் இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 0.816ஆல் பெருக்கியது. நொடிக்கு 245 கிலோமீட்டர் என்று அளந்திருந்தால் 200 என்று எழுத வேண்டும். மறந்தால், நிறை வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது என்பதால், விடை ஒன்றரை மடங்காகிவிடும். கிளாஃபிக்கில், பிரபஞ்சம் விரியும் வேகத்தைக் குறிக்கும் ஹபிள் மாறிலியை 0.7 என்றும் லென்ஸ்டூலில் 70 என்றும் எழுத வேண்டியதெல்லாம் இதன் முன் சிறு விஷயம்.

இந்தக் குழப்பத்துக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இல்லாமல் இல்லை. லெஃபோர் ஹைட்ராலென்ஸ் என்ற சிறு கருவியை எழுதினார். பிக்ஸெலென்ஸ், கிளாஃபிக், கிராவ்லென்ஸ், லென்ஸ்டூல் நான்குக்கும் உள்ளீட்டுக் கோப்புகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றித் தருவது அது. ஒரே வில்லையைப் பல நிரல்களில் ஓட்டாமல் பலர் விட்டுவிடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, கோப்பு எழுதும் பாடு என்பதை அவர் சரியாகக் கண்டார். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, 2023இல், எமெரிக் கலான் குழுவினர் கூலெஸ்ட் என்ற பொதுத் தரத்தை முன்வைத்தார்கள். எந்த நிரலில் செய்த ஆய்வையும் ஒரே வரையறையில் எழுதிவைக்கும் வடிவம் அது. வளையப் பிம்பத்தின் அளவைக் குறிக்கும் ஐன்ஸ்டீன் ஆரம் என்றால் என்ன, கோணம் எங்கிருந்து தொடங்குகிறது என்று ஒருமுறை முடிவு கட்டிவிட்டால், ஒவ்வொரு நிரலும் அந்தப் பொது வடிவுக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஆய்வேடுகள் கூலெஸ்ட் கோப்பை இணைப்பாகக் கட்டாயப்படுத்தினால், துறைக்கு அது பெரும் உபகாரம் என்பேன்.

வரையறைகள் ஒத்துவந்தபின் அடுத்த தொல்லை, தேடல். நிரல் பல அளவுருக்களின் வெளியில் மிகப் பொருத்தமான இடத்தைத் தேடுகிறது. அந்த வெளியில் பள்ளங்கள் பல. ஒரு போலிப் பள்ளத்தில் விழுந்துவிட்டால் அங்கேயே பிழை எல்லையையும் கணித்துக் கொடுத்துவிடும். கட்டம் கட்டமாக மூலத்தின் வடிவை மீட்கும் முறைகளில் இதற்கு ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. வில்லையின் நிறையை மிகக் குறைத்து வைத்துக்கொண்டு, மூலமே வளைந்த வில்லாக, நாம் பார்க்கும் பிம்பத்தின் நகலாக இருப்பதாக நிரல் முடிவுகட்டும். எண்ணளவில் பொருத்தம் இருக்கும், இயற்பியலளவில் அபத்தம். இதற்கு மருந்து எளிது: முதலில் மூலத்தை ஒரு சாதாரண ஒளி வட்டமாக வைத்துத் தோராய விடையைப் பிடித்து, பிறகு கட்டங்களுக்குப் போவது. பைஆட்டோலென்ஸில் பிம்பப் புள்ளிகளைக் குறித்துக்கொடுத்து, அவை மூலத் தளத்தில் ஒன்றுக்கொன்று அருகே விழாத தீர்வுகளைத் தள்ளிவிடவும் முடியும். கொத்து வில்லைகளில் இன்னொரு குறுக்குவழி உண்டு. பொருத்தத்தைப் பிம்பத் தளத்தில் அளக்காமல் மூலத் தளத்தில் அளந்தால் நிரல் பன்மடங்கு வேகமாக ஓடும். ஆனால் உருப்பெருக்கம் மிகுந்த தீர்வுகளின் பக்கம் அது சாய்ந்துவிடும். தொடக்கத் தேடலுக்கு அது சரி. அச்சுக்குப் போகும் எண்ணுக்கு ஆகாது.

இனி, துணைத் தரவு. இந்தத் துறையில் நடந்த ஒப்பீடுகளில் மிக நேர்மையானது என்று நான் கருதுவது இதைப் பற்றியதுதான். டபிள்யூ.ஜி.டி. 2038-4008 என்பது நான்கு பிம்பமாகத் தெரியும் ஒரு குவாசர். அன்வர் ஷஜீப் முதலியோர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இரு குழுக்கள் ஒரே ஹபிள் தொலைநோக்கிப் படங்களை எடுத்துக்கொண்டன. ஒரு குழு லென்ஸ்ட்ரானமியிலும் மற்றது க்ளீயிலும், ஒன்றின் விடை மற்றதற்குத் தெரியாமல், காலத் தாமதத்தைக் கணித்தன. கண்கட்டை அவிழ்த்தபோது இறுதிக் கணிப்புகள் 1.2 சிக்மாவுக்குள் (சிக்மா என்பது பிழை எல்லையின் அலகு) ஒத்திருந்தன. அங்கேயே கைகுலுக்கிக் கலைந்திருக்கலாம். ஆனால் அவர்கள் இடைப்பட்ட எண்களையும் ஒப்பிட்டார்கள். நிறை மையத்திலிருந்து வெளியே எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற சரிவிலும் புறச் சறுக்கத்திலும் சுமார் 4 சிக்மா வேறுபாடு இருந்தது.

காரணம் தேடியபோது அகப்பட்டது புள்ளிப் பரவல். தொலைநோக்கியில் ஒரு விண்மீன் புள்ளியாக விழாமல், கொஞ்சம் பரந்து, விளிம்பில் கீற்றுகளோடு விழும். அந்தப் பரவலின் வடிவை முதலில் அறிந்தால்தான், பளிச்சென்ற குவாசர் பிம்பத்துக்கு அடியில் மங்கலாகக் கிடக்கும் வளையத்தைப் பிரித்தெடுக்க முடியும். இரு குழுக்களும் அந்தப் பரவலைத் தத்தம் வழியில் மீட்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே பரவலைக் கொடுத்து மீண்டும் ஓட்டியபோது வேறுபாடு சுமார் 0.6 சிக்மாவுக்கு இறங்கியது. ஆக, மூலத்தை மீட்கும் கணித முறை வேறு, எழுதியவர்கள் வேறு, நிரல் மொழி வேறு. இவை எதுவும் குற்றவாளி அல்ல. இதைக் கண்டவர்கள் தந்த பரிந்துரை இரண்டு: பரவலைப் படப்புள்ளியைவிட நுணுக்கமான கட்டத்தில் எடுக்க வேண்டும், ஒரே ஒரு பரவலை நம்பாமல், பல வழிகளில் மீட்ட பரவல்களின் மேல் சராசரி எடுக்க வேண்டும். தன் வில்லை விடை தடுமாறுகிறது என்று வரும் மாணவரிடம் நிரலைப் பற்றிக் கேட்பதற்கு முன் பரவலைப் பற்றித்தான் கேட்க வேண்டும் என்பேன்.

கொத்து வில்லைகளின் ஒப்பீடு இவ்வளவு நறுக்கென்று முடியவில்லை. மாசிமோ மெனெகெத்தி தலைமையில் 2017இல் வந்த ஆய்வு, ஏரெஸ், ஹேரா என்று பெயரிட்ட இரண்டு செயற்கைக் கொத்துகளைக் கணினியில் உருவாக்கிப் பல குழுக்களுக்குக் கொடுத்தது. உண்மை விடை தயாரித்தவர்களுக்கு மட்டும் தெரியும். மொத்த நிறையை எல்லோரும் நன்றாகவே பிடித்தார்கள். உருப்பெருக்கத்தில்தான் தரம் பிரிந்தது. உண்மைப் பெருக்கம் 3 ஆக உள்ள இடங்களில் சிறந்த நிரல்களின் பிழை சுமார் 10 சதவீதம். 10 ஆக உள்ள இடங்களில் சுமார் 30 சதவீதம். தொலைதூரத் திரள்களின் ஒளியளவைக் கொத்தின் உதவியால் கணக்கிடும் ஒவ்வொருவரும் இந்த 30 சதவீதத்தைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டும். லென்ஸ்டூல், கிளாஃபிக் போன்ற வடிவம் முன்வைக்கும் நிரல்கள் இதில் முன்னணியில் நின்றன. ஆனால் ஏரெஸ் கொத்தே அத்தகைய வடிவங்களைக் கொண்டு செய்யப்பட்டது. கேள்வித்தாள் எடுத்தவரும் எழுதியவரும் ஒரே புத்தகம் படித்திருந்தால் மதிப்பெண் கூடத்தானே செய்யும்!

வானமே நடத்திய தேர்வும் ஒன்று உண்டு. 2014 நவம்பரில், எம்.ஏ.சி.எஸ். ஜே1149 என்ற கொத்தின் பின்னால் வெடித்த ஒரு சூப்பர்நோவா நான்கு பிம்பமாகத் தெரிந்தது. பேட்ரிக் கெல்லி கண்டறிந்த அதற்கு, வில்லைக் காலத் தாமதத்தால் ஹபிள் மாறிலியை அளக்கலாம் என்று 1964இலேயே எழுதிய ஷூர் ரெஃப்ஸ்டாலின் பெயரை வைத்தார்கள். அதே வெடிப்பு இன்னோர் இடத்தில் மீண்டும் தெரியும் என்று பல குழுக்கள் தத்தம் நிரல்களால் முன்கூட்டியே கணித்து வெளியிட்டன. 2015 டிசம்பர் 11 அன்று ஹபிள் அதைக் கண்டது. இடமும் காலமும் முன்பே சொல்லி வைத்துப் பார்த்த முதல் சூப்பர்நோவா அது. கணிப்புகளில் சில நெருங்கி வந்தன, சில விலகின. 2023இல் அந்தத் தாமதத்தை 376 நாள் என்று நுட்பமாக அளந்தபின், கணிப்பு மாதிரிகள் எட்டையும் சேர்த்துப் பார்த்தால் ஹபிள் மாறிலி 64.8 என்றும், அவதானிப்போடு மிகவும் ஒத்துவந்த இரண்டை மட்டும் எடுத்தால் 66.6 என்றும் வந்தது. அந்த இரண்டில் ஒன்று கிளாஃபிக்கில் செய்தது, மற்றது க்ளீயில். இத்தகைய சோதனையை எந்தச் செயற்கைக் கொத்தும் ஈடுசெய்யாது. ஆனால் வானம் அதை அடிக்கடி நடத்துவதில்லை.

காலத் தாமத ஆய்வாளர்கள் தங்களுக்கென ஒரு போட்டியும் நடத்தினார்கள். தரவைத் தயாரித்து உண்மையை மறைத்துவைப்போருக்கு "தீய அணி" என்றும், கண்டுபிடிக்க முயல்வோருக்கு "நல்ல அணி" என்றும் பெயர். படிப்படியாகக் கடினமான படிகள் வைத்தார்கள். எளிய வடிவங்களில் நல்ல அணிகள் தேறின. மெய்யான திரள் உருவாக்கத்தைக் கணினியில் நடத்திப் பெற்ற கடைசிப் படியில், அந்த உருவகத்தின் சொந்தக் குறைகளே குறுக்கிட்டதால் தெளிவான தீர்ப்பு கிடைக்கவில்லை. வலுக்குறைந்த வில்லை விளைவை, அதாவது லட்சக்கணக்கான திரள்களின் வடிவில் படியும், சுமார் ஒரு சதவீதமே வரும் திரிபை ஆராய்வோர், இத்தகைய போட்டிகளை இவர்களுக்கு முன்பே தொடங்கிவிட்டார்கள். கிரேட்3 என்ற போட்டிக்காக எழுதிய படம் தயாரிக்கும் நிரல்தான் கால்சிம். போட்டி முடிந்தது, கால்சிம் இன்றும் அத்துறையின் அன்றாடக் கருவி.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, "இரண்டு நிரல்கள் ஒத்துவந்தால் விடை சரி" என்று ஒருவர் முடிவுக்கு வந்தால், அவரை 1985க்கு அழைத்துப் போக வேண்டும். ஃபால்கோ, கோரன்ஸ்டைன், ஷபீரோ மூவரும் அந்த ஆண்டு ஒரு சங்கடமான உண்மையைக் காட்டினார்கள். வில்லையின் நிறையை ஒரு விகிதத்தில் குறைத்து, குறைத்ததற்கு ஈடாகச் சீரான நிறைத்தாள் ஒன்றை அதன்மேல் விரித்துவிட்டால், பிம்பங்களின் இடமும் வடிவும் ஒளி விகிதமும் இம்மியும் மாறாது. காலத் தாமதம் மட்டும் அதே விகிதத்தில் மாறும். அதிலிருந்து பெறும் ஹபிள் மாறிலியும் மாறும். எவ்வளவு துல்லியமான படமும், எவ்வளவு நேர்த்தியான நிரலும் இதைத் தீர்க்க முடியாது. வில்லைத் திரளின் விண்மீன் வேகம் போன்ற வெளிச்சாட்சி வேண்டும்.

இது ஏட்டுச் சங்கடம் மட்டும் அல்ல. 2020இல் ஆறு வில்லைகளை வைத்து ஹபிள் மாறிலி 73.3 என்றும், பிழை எல்லை இரண்டரை சதவீதத்துக்கும் குறைவு என்றும் அறிவித்தார்கள். அந்த ஆய்வில் நிறைப் பரவலுக்குச் சில குறிப்பிட்ட வடிவங்கள் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தன. அதே ஆண்டு, அந்த வடிவ ஊகத்தைத் தளர்த்தி, நிறைத்தாளுக்கு இடம் கொடுத்து, ஏழு வில்லைகளோடு பிர்ரர் முதலியோர் மீண்டும் கணித்தபோது நடு மதிப்பு 74.5 ஆனது, பிழை எல்லையோ சுமார் 6 அலகுக்கு விரிந்தது. வேறொரு தொகுப்பின் 33 வில்லைகளையும் சாட்சிக்கு அழைத்தபோது மதிப்பு 67.4க்கு இறங்கியது. பிரபஞ்சப் பின்புலக் கதிர்வீச்சை அளந்த பிளாங்க் விண்கலம் தந்த எண்ணும் 67.4. பிழை எல்லைகளுக்குள் இவை ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் இங்கே நிரல் எதுவும் தவறவில்லை, நட்சத்திரம் எதுவும் இடம் மாறவில்லை. மாறியது ஓர் ஊகம். எண்களுக்கிடையே வெளிச்சமாகத் தெரியும் நிரல் வேறுபாடுகளைவிட, எல்லா நிரல்களும் பேசாமல் பகிர்ந்துகொள்ளும் ஊகம் ஆபத்தானது. பிக்ஸெலென்ஸ், கிரேல் போன்ற வடிவம் திணிக்காத நிரல்களைக் "கரடுமுரடானவை" என்று ஒதுக்குவோர் உண்டு. துல்லியத்தில் அவை பின்தங்கலாம். ஆனால் படம் எதைத் தீர்மானிக்கிறது, எதைத் தீர்மானிக்காமல் விடுகிறது என்று அவை மறைக்காமல் காட்டுகின்றன.

வேகம் இப்போது புதிய நெருக்கடி. 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் விண்கலத்தின் அளவாய்வில் 1,70,000 அளவில் வில்லைகள் அகப்படலாம் என்று 2015இல் தாமஸ் காலெட் மதிப்பிட்டிருந்தார். 2025 மார்ச்சில் வந்த முதல் சிறு வெளியீட்டிலேயே வில்லையாக இருக்கக்கூடியவை சுமார் 500 அடையாளம் காணப்பட்டன. வில்லைக்கு ஒரு வாரம் என்று உட்கார்ந்தால் நடக்காது. வரைகலைச் செயலிகளில் ஓடும்படி எழுதிய கிகா-லென்ஸ், நான்கு ஏ100 செயலிகளில் ஒரு வில்லையைச் சராசரியாக இரண்டு நிமிடத்துக்குள் முடிப்பதாக 2022இல் காட்டியது. ஹெர்குலென்ஸ் அதே வழியில் போகிறது. அளவுரு ஒவ்வொன்றையும் சற்று அசைத்தால் விடை எவ்வளவு அசையும் என்ற வகைக்கெழுவை நிரலே தானாகக் கணித்துக்கொள்வதுதான் இவற்றின் பலம். இவற்றின் வேகம் வரவேற்கத்தக்கது. ஆனால் தவறான புள்ளிப் பரவலைக் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் தவறான விடை வரும். ஒரு லட்சம் படங்களில் வரும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்போருக்கு என் தீர்ப்பு இது. ஒற்றைத் திரள் வில்லை, நல்ல படம் கையில் இருந்தால் லென்ஸ்ட்ரானமி. தனக்கு வேண்டியபடி பிரித்துப் பூட்ட விரும்புவோருக்கு அதன் கட்டமைப்பு ஏற்றது. படிப்படியான வழிகாட்டல் வேண்டுவோருக்கும், ஒரே பாணியில் பல வில்லைகளை ஓட்டுவோருக்கும் பைஆட்டோலென்ஸ். ஆபெல் 1201 கொத்தின் மையத் திரளில் சுமார் 3270 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருப்பதாக 2023இல் காட்டியது இதில் செய்த ஆய்வே. கொத்துகளுக்கு லென்ஸ்டூல் அல்லது கிளாஃபிக். புள்ளிப் பிம்பங்களை மட்டும் வைத்து விரைவாக ஒரு விடை பார்க்கவும் கிளாஃபிக் போதும். எதை எடுத்தாலும், குணத்தில் மாறுபட்ட இன்னொன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பைதான் நிரல்களை ஒப்பிடுவதைவிட, ஒன்று வடிவம் வைப்பதாகவும் மற்றது வைக்காததாகவும் இருப்பது பயனுள்ளது.

புதிதாக நிறுவிய எந்த நிரலையும் வானப் படத்தின் பக்கம் கொண்டுபோகும் முன், தாளில் விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். வட்ட வடிவச் சமவெப்பக் கோள வில்லை, ஐன்ஸ்டீன் ஆரம் 1 விகலை, மூலம் மையத்திலிருந்து 0.3 விகலை தள்ளி. பிம்பங்கள் ஒரு பக்கம் 1.3இலும் எதிர்ப்பக்கம் 0.7இலும் விழ வேண்டும். உருப்பெருக்கம் முதலாவதற்கு 4.33, இரண்டாவதற்கு 2.33, இரண்டாவதன் குறி எதிர்மறை. தொலைவைக் குறிக்கும் செம்பெயர்ச்சி வில்லைக்கு 0.5, மூலத்துக்கு 2, ஹபிள் மாறிலி 70, பொருளடர்த்தி 0.3 என்று வைத்தால் காலத் தாமதம் சுமார் 50 நாள். இரண்டாவது நிரல் 52 நாள் என்று சொன்னால் பதற வேண்டாம். ஹபிள் மாறிலி அதில் 67.4 என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு மூலத்தைக் கிழக்கே நகர்த்துங்கள், பிம்பங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்று கவனியுங்கள். அதன்பின் 0.7 விகித நீள்வட்டத்தை வைத்து இரு நிரல்களின் பிம்பங்களையும் ஒப்பிடுங்கள். இவை தேறினால், வரையறைச் சிக்கல்களில் பெரும்பாலானவை அங்கேயே ஒழிந்தன. தேறாவிட்டால் அந்தச் சிறு கணக்கையே, பதிப்பு எண்ணோடும் உள்ளீட்டுக் கோப்போடும், நிரலை எழுதியவர்களுக்கு அனுப்புங்கள். "என் வில்லை பொருந்தவில்லை" என்ற முறையீட்டை அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. பத்து வரிக் கணக்கில் தெரியும் பிழையை அவர்கள் திருத்த முடியும்.

லென்ஸ்ட்ரானமி, பைஆட்டோலென்ஸ், கிளாஃபிக், லென்ஸ்டூல் நான்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஹபிள் தொலைநோக்கியின் வில்லைப் படங்களும் பொதுக் காப்பகத்தில் திறந்தே இருக்கின்றன. மேலே சொன்ன முதல் சோதனைக்கு ஒரு சாதாரண மடிக்கணினி போதும்.